கருவியின் 'நான்', நோயாளியின் 'நாங்கள்': தொலைமருத்துவப் பயன்பாட்டு ஆய்வுகளின் மொழி குறித்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மனிதன் செய்யும் பிழைகளுள் பல, அவன் கையாளும் கருவியின் அமைப்பிலேயே தோன்றுபவை என்பது மனிதக் காரணியியலின் அடிப்படைக் கொள்கையாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 வகை விமானங்கள் தரையிறங்கிய பின்னர், விமானிகள் சிலர் சிறகு மடிப்பை இழுப்பதற்கு மாறாகச் சக்கரங்களை உள்ளிழுத்தனர். இவ்விரண்டுக்கும் உரிய பிடிகள் அருகருகே ஒரே தோற்றத்துடன் அமைந்திருந்ததை ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் கண்டறிந்தார். பிடிகளின் வடிவத்தை மாற்றியதும் பிழை குறைந்தது. 1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வும், 'விமானியின் பிழை' எனப்பட்டவற்றுள் பல உண்மையில் அமைப்பின் பிழைகளே என்று காட்டிற்று.

இத்துறை பின்னர் மருத்துவத்திற்குள் புகுந்தது. இன்று கைப்பேசி வழியாகவும் கணினித் திரை வழியாகவும் மருத்துவரைக் காணும் முறை பரவியுள்ள நிலையில், தொலைமருத்துவ அமைப்புகளை நோயாளிகள் எங்ஙனம் பயன்படுத்துகின்றனர் என்பதை இத்துறையினர் அளவிடுகின்றனர். அதற்கென அவர்கள் கையாளும் முதன்மைக் கருவி வினாநிரல் ஆகும். விமானப் பிடியின் வடிவத்தை ஐயுற்ற துறை, தன் வினாநிரலின் வடிவத்தை அந்த அளவிற்கு ஐயுறவில்லை. ஆங்கிலத்தில் அமைந்த வினாநிரல் தமிழுக்கு வரும்போது பிழைபடுமாயின், அப்பிழை நோயாளியின் கருத்தாகப் பதிவாகிவிடும். இதனை எடுத்துக்காட்டுகளுடன் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. செய்தி என்னும் மொழிக்கூறு

மருத்துவக் கருவிகளில் மொழி பெறும் இடத்தை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று இத்துறையின் வரலாற்றிலேயே உண்டு. தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறியால் 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நேர்ந்த விபத்தில், பொறியின் திரை 'மால்ஃபங்ஷன் 54' என்று மட்டும் அறிவித்தது. அதன் பொருள் இயக்குநருக்கு விளங்கவில்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி தோன்றி மறைபவை ஆதலால், தொடர்வதற்குரிய விசையை அவர் மீண்டும் அழுத்தினார். நோயாளி மூடிய அறைக்குள் இருந்தார்; அவரைக் காட்ட வேண்டிய ஒளிப்படக் கருவியும் அவர் குரலைக் கேட்பிக்க வேண்டிய ஒலிக்கருவியும் அன்று பயன்படும் நிலையில் இல்லை.

இந்நிகழ்ச்சி கணிநிரலின் குறையாகவே பெரிதும் பேசப்படுகிறது. எனினும் மொழியியலார்க்கு இதில் வேறொரு செய்தியும் உண்டு. 'பிழை நேர்ந்தது' என்ற கூற்று, 'நிறுத்து' என்று எச்சரித்ததா, 'கவலையின்றித் தொடர்க' என்று இசைவளித்ததா என்பது அக்கூற்றிலிருந்து பெறப்படவில்லை. கூற்றின் பொருளும் கூற்றால் நிகழும் செயலும் பிரிந்து நின்றன.

இதிலிருந்து இத்துறை பாடம் கற்கவில்லை எனக் கூறுவதற்கில்லை. 1994இல் ஜேக்கப் நீல்சன் வகுத்த பத்து நெறிகளுள் இரண்டாவது, அமைப்பு பயனரின் மொழியில் பேசவேண்டும் என்பதாகும். ஆயின் அங்கு 'மொழி' என்பது பெரிதும் சொல்லளவிலேயே நின்றுவிடுகிறது. கலைச்சொல்லுக்கு மாற்றாக எளிய சொல்லை இடுக என்பதே அதன் நடைமுறைப் பொருளாயிற்று. இலக்கணம், மரியாதை வழக்கு, பேசுநர்-கேட்பவர் உறவு ஆகியன இந்நெறிக்குள் இடம்பெறவில்லை. தமிழில் சிக்கல் தொடங்குவது இவ்விடத்தில்தான்.

3. அளவுகோலும் அதன் எண்ணும்

பயன்பாட்டு ஆய்வுகளில் மிகப் பரவலாக வழங்குவது ஜான் புரூக் 1986இல் உருவாக்கி 1996இல் வெளியிட்ட 'சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்' என்னும் அளவுகோல் ஆகும். இதில் பத்துக் கூற்றுகள் உள்ளன. ஒற்றைப்படை எண்ணுள்ளவை அமைப்பைப் பாராட்டுவன. இரட்டைப்படை எண்ணுள்ளவை குறை கூறுவன. விடையளிப்பவர் 'சற்றும் உடன்படவில்லை' முதல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' வரை ஐந்து படிகளுள் ஒன்றைத் தேர்வர். ஒற்றைப்படைக் கூற்றுகளில் பெற்ற எண்ணிலிருந்து 1 கழிக்கப்படும், இரட்டைப்படைக் கூற்றுகளில் பெற்ற எண் 5இலிருந்து கழிக்கப்படும், கூட்டுத்தொகை 2.5ஆல் பெருக்கப்படும். 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். 68 என்பது சராசரியாகக் கொள்ளப்படுகிறது.

இவ்வளவுகோலின் ஆங்கிலமே எல்லார்க்கும் விளங்கவில்லை என்பது முன்பே அறியப்பட்டதாகும். எட்டாம் கூற்றில் வரும் 'கம்பர்சம்' என்னும் சொல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்குப் புரியவில்லை என்று கிரெய்க் ஃபின்ஸ்டாட் 2006இல் சுட்டிக்காட்டினார். அதற்கு ஈடாக 'ஆக்வர்ட்' என்னும் சொல் ஏற்கப்பட்டது. பாராட்டும் குறையும் மாறி மாறி வருவதால் விடையளிப்போர் குழம்புவதும், ஆய்வாளரே எண்ணிக்கையில் தவறுவதும் உண்டு என்று ஜெஃப் சௌரோ, ஜேம்ஸ் லூயிஸ் ஆகியோர் 2011இல் காட்டி, அனைத்தும் பாராட்டாகவே அமைந்த மாற்று வடிவம் ஒன்றை முன்வைத்தனர். இவ்விரு வடிவங்களும் ஒத்த மதிப்பெண்களையே தந்தன என்பது அவர்தம் முடிவு.

இம்முடிவு தாமே படித்துத் தாமே விடையெழுதும் பயனர்க்குப் பொருந்தும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஆய்வாளர் படித்துக் காட்ட, நோயாளி தலையசைத்து விடையளிக்கும் சூழலுக்கு அதனை அப்படியே கொள்ளலாகாது. பத்துக் கூற்றுகளுக்கும் மரியாதை கருதி 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று ஒருவர் விடையளித்தால், ஒற்றைப்படைக் கூற்றுகளில் 20, இரட்டைப்படைக் கூற்றுகளில் 0 எனப் பெற்று, 2.5ஆல் பெருக்கக் கிடைப்பது 50. அதே மனிதர் அதே மரியாதையுடன் மாற்று வடிவத்திற்கு விடையளித்தால் கிடைப்பது 100. முன்னதில் அமைப்பு சராசரிக்கும் கீழானது, பின்னதில் குறைவற்றது. இவ்விரண்டு எண்களும் அமைப்பைப் பற்றி எதுவும் கூறவில்லை. மருத்துவப் பணியாளரின் முன் மறுத்துப் பேசத் தயங்கும் ஒரு பேச்சு வழக்கையே அவை அளந்துள்ளன.

4. 'அடிக்கடி', 'நம்பிக்கை', 'பரவாயில்லை'

முதற் கூற்று, இவ்வமைப்பை அடிக்கடி பயன்படுத்த விரும்புவதாக விடையளிப்பவர் கருதுகிறாரா என வினவுகிறது. அலுவலகக் கணினிக்கு இது தக்க வினாவே. மருத்துவரைக் காணும் அமைப்பிற்கு இதனைத் தமிழில் கேட்டால் நோயாளியின் செவியில் விழுவது வேறு. மருத்துவரை அடிக்கடி காண விரும்புதல் என்பது அடிக்கடி நோயுற விரும்புதல் ஆகும். எவ்விடத்தும் 'போய் வருகிறேன்' என்று சொல்லி விடைபெறும் தமிழர், துக்க வீட்டில் அதனைச் சொல்வதில்லை. மருத்துவமனையிலிருந்து புறப்படும்போதும் அத்தொடரைத் தவிர்ப்போர் உண்டு. 'அடிக்கடி எதற்கு வரவேண்டும், வராமலிருந்தால் போதும்' என்று விடையளிக்கும் மூதாட்டி, அமைப்பின்பால் முழு நிறைவுடையவராகவும் இருக்கலாம். ஆயினும் 'சற்றும் உடன்படவில்லை' என்னும் கட்டத்தில் அவர் விடை குறிக்கப்படும். இவ்வொரு வினாவால் மட்டும் நூற்றுக்குப் பத்து மதிப்பெண் குறையும்.

ஒன்பதாம் கூற்று, அமைப்பைப் பயன்படுத்தும்போது விடையளிப்பவர் உணர்ந்த 'கான்ஃபிடன்ஸ்' பற்றியது. இதற்கு உடனே தோன்றும் தமிழ்ச்சொல் 'நம்பிக்கை'. தமிழில் நம்பிக்கை என்பது கடவுள்பால் கொள்வது, மருத்துவரிடம் வைப்பது, நோய் தீரும் என எதிர்நோக்குவது ஆகிய அனைத்தையும் குறிக்கும். தடுமாற்றமின்றித் தாமே இயக்க முடிந்ததா என்பதே மூலத்தின் வினா. 'நம்பிக்கை இருந்ததா?' என்று கேட்டால், 'டாக்டர் மேல் நம்பிக்கை இல்லாமல் வருவோமா?' என்பதே இயல்பான விடையாகும். 'தன்னம்பிக்கை' என்று திருத்தினால் அது மேடைப் பேச்சின் சொல்லாகிவிடும். 'யாரையும் கேட்காமல், பயமில்லாமல் செய்ய முடிந்ததா?' என்று விரித்துக் கேட்பதே பொருளைத் தரும். ஆயின் அது சொல்லுக்குச் சொல் ஒத்த மொழிபெயர்ப்பாகாது.

ஐந்து படிகளின் நிலையும் இத்தகையதே. தமிழர் ஒன்றை மதிப்பிடுகையில் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று 'பரவாயில்லை'. குரலின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப இது 'எதிர்பார்த்ததைவிட நன்று' எனவும், 'பொறுத்துக்கொள்ளலாம்' எனவும், 'விட்டுவிடுங்கள்' எனவும் பொருள்படும். ஆய்வாளர் இதனை மூன்றாம் படியில் இடுவாரா, நான்காம் படியில் இடுவாரா என்பதற்கு நெறி ஏதும் வகுக்கப்படவில்லை. முடிவில் அட்டவணையில் காணப்படும் எண், நோயாளியின் மதிப்பீட்டை ஆய்வாளர் எழுத்துத் தமிழுக்கு மொழிபெயர்த்ததன் எண்ணேயாகும்.

5. 'நான்' யார்?

மேற்குறித்தவை சொற்பொருள் சிக்கல்கள், திருத்தக்கூடியவை. இவற்றினும் ஆழமானது தன்மை இடப்பெயர் பற்றியது. அளவுகோலின் பெரும்பாலான கூற்றுகளில் எழுவாய் 'நான்' ஆகும். தொலைமருத்துவத்திற்கெனவே பாம்பாங் பார்மன்டோவும் உடனாய்வாளரும் 2016இல் வெளியிட்ட 'டெலிஹெல்த் யூசபிலிட்டி குவெஸ்டனயர்' என்னும் 21 கூற்றுகள் கொண்ட வினாநிரலும் பெரிதும் தன்மை ஒருமையிலேயே பேசுகிறது. தனியொருவர் தமக்குரிய கருவியின்முன் அமர்ந்து, தம் நோயைத் தாமே கூறி, தாமே மதிப்பிடுவதாக இவ்விலக்கணம் கொள்கிறது.

இந்தியச் சூழல் வேறானது. 2019 நவம்பரில் தொடங்கப்பட்ட இ-சஞ்சீவனி என்னும் தேசியத் தொலைமருத்துவச் சேவையின் ஒரு வடிவில், நோயாளி அருகிலுள்ள நலவாழ்வு மையத்திற்குச் செல்கிறார். அங்குள்ள பணியாளர் கணினியை இயக்குகிறார். தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றுகிறார். நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் மற்றொரு வடிவம் 2020 ஏப்ரலில் வந்தது. தொடக்கக் காலத்தில் அதனை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. இவ்வடிவிலும் கைப்பேசி மகனுடையதாகவோ மருமகளுடையதாகவோ இருத்தல் இயல்பு. எண்ணைப் பதிபவர் ஒருவர், நோயைச் சொல்பவர் ஒருவர், நோயுற்றவர் ஒருவர், மருந்துச் சீட்டைப் படிப்பவர் ஒருவர். இவர்களுள் 'பயனர்' யார்?

2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்ட இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளமை குறிப்பிடத்தக்கது. நோயாளி தாமே தொடங்கினால் அவர் இசைவு உள்ளுறையாகப் பெறப்படும்; நலப்பணியாளரோ மருத்துவரோ உடன் பேணுநரோ தொடங்கினால் வெளிப்படையான இசைவு வேண்டும் என்று அவை கூறுகின்றன. சட்டம் கண்ட பன்மையை அளவுகோல் காணவில்லை. அளவுகோலின் நான்காம் கூற்று, இதனைப் பயன்படுத்த நுட்பம் அறிந்த ஒருவரின் துணை தேவைப்படுமா என்று கேட்கிறது. 'ஆம்' என்பது அமைப்பின் குறையாகக் கணக்கிடப்படுகிறது. நலவாழ்வு மையத்தில் பணியாளரின் துணை அமைப்பின் உறுப்பேயாகும். செவ்வனே இயங்கும் ஒரு சேவையை, அது செவ்வனே இயங்குவதன் பொருட்டே இக்கூற்று தண்டிக்கிறது.

இவ்விடத்தில் தமிழ் தடையாக நிற்கவில்லை; துணைபுரியவே வல்லது. கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்', உளப்படுத்தாத 'நாங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லாதது. 'நாங்கள் டாக்டரிடம் பேசினோம்' என்று ஒருவர் கூறும்போது குடும்பம் முழுதும் எழுவாயாகிறது; 'அம்மாவை டாக்டரிடம் காட்டினோம்' எனும்போது நோயாளி செயப்படுபொருளாகிறார்; 'என்னைக் காட்டினார்கள்' எனும்போது நோயாளியே தம்மைச் செயலின் தலைமையினின்று விலக்கிக்கொள்கிறார். யார் இயக்கினார், யார் பேசினார், யார் முடிவெடுத்தார் என்பனவற்றை இத்தொடர்களின் வேற்றுமையும் வினைமுற்றுமே காட்டிவிடும். 'நான் பயன்படுத்தினேன்' என்னும் ஒரே அச்சில் இவற்றையெல்லாம் வார்ப்பது, கிடைக்கக்கூடிய தரவை வேண்டுமென்றே இழப்பதாகும்.

6. பொத்தானில் பேசுவது யார்?

வினாநிரலால் அளக்கப்படும் திரையும் ஒரு பனுவலே. ஆங்கிலத் திரையில் 'கால்', 'டிலீட்', 'செண்ட்' என வரும் வினையடிகள் இருபொருள்பட நிற்கின்றன: பயனர் பொறிக்கு இடும் கட்டளையாகவும் கொள்ளலாம், பொறி பயனருக்குக் கூறும் அறிவுறுத்தலாகவும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதனை முடிவு செய்ய வேண்டிய தேவை எழுவதில்லை. தமிழில் முடிவு செய்யாமல் எழுதவே இயலாது. 'அழை', 'நீக்கு', 'அனுப்பு' என்னும் ஒருமை ஏவல், மனிதன் பொறிக்கு இடும் கட்டளையாயின் பொருந்தும். பொறி மனிதனை நோக்கிக் கூறுவதாயின் அஃது அவமதிப்பு. 'அனுப்பவும்' அல்லது 'அனுப்புங்கள்' என்றல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்குத் திரை காட்டப்படுவதில்லை. தொடர்கள் மட்டும் பட்டியலாக வந்துசேர்கின்றன. பேசுநர் யார், கேட்பவர் யார் என்னும் குறிப்பு அப்பட்டியலில் இராது. ஆதலால் ஒரே திரையில் 'தொலைபேசி எண்ணை உள்ளிடவும்', 'தொடர்', 'சமர்ப்பிக்க', 'மருத்துவரைத் தேர்ந்தெடு' எனப் பலவகை வடிவங்கள் கலந்து நிற்கக் காணலாம். இதனை நடைக்குறையாக மட்டும் கருதி ஒதுக்குவதற்கில்லை. 'மருத்துவரைத் தேர்ந்தெடு' என்பதை அழுத்தினால் பொறி தேர்ந்தெடுக்குமா, தாம் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று முதியவர் தயங்குவது, இலக்கணத்தை அவர் சரியாகப் படித்ததன் விளைவேயாகும்.

இதற்கும் தமிழிலேயே விடையுண்டு. 'சந்திப்பை ரத்து செய்யவா?' என்னும் தொடரில் பேசுவது பொறி என்பதும், அது மனிதனிடம் இசைவு கேட்கிறது என்பதும் வினை வடிவிலேயே விளங்கும். ஆனால் அதன்கீழ் 'சரி', 'ரத்து' என்று இரு பொத்தான்களை இட்டால் இரண்டுமே சந்திப்பை நீக்குவனவாகத் தோன்றும். 'ஆம், சந்திப்பு வேண்டாம்', 'இல்லை, சந்திப்பு இருக்கட்டும்' என்று இட்டால் ஐயம் நீங்கும். 'மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லையா?' என்னும் எதிர்மறை வினாவிற்கும் இதே கவனம் வேண்டும். தமிழில் 'ஆமாம்' என்றால் 'ஆமாம், இல்லை' என்றே பெரும்பாலும் பொருள். 'ஆம்', 'இல்லை' என்னும் இரு கட்டங்களுள் ஒன்றைத் தொடச் சொன்னால், ஒவ்வாமை இல்லாதவரும் உள்ளவரும் ஒரே கட்டத்தைத் தொடக்கூடும். பி-17 விமானத்தின் இரு பிடிகளும் இவ்வாறுதான் ஒன்றுபோல் இருந்தன.

7. திரைக்கு அப்பாலுள்ள உடல்

தமிழில் மருத்துவரைக் 'கலந்தாலோசிப்பது' எழுத்தில்தான்; பேச்சில் மருத்துவரிடம் 'காட்டுவது' தான் வழக்கு. 'டாக்டர்கிட்ட காட்டினியா?' என்னும் வினாவில் ஒரு மருத்துவக் கோட்பாடே அடங்கியுள்ளது எனலாம்: நோயாளி காட்டுவார், மருத்துவர் பார்ப்பார், தொடுவார். மேற்கூறிய 21 கூற்று வினாநிரலோ, மருத்துவரை நேரில் காண்பதுபோலவே நோயாளி காண முடிந்ததா என்று வினவுகிறது. நோயாளி காட்டியதை மருத்துவர் கண்டாரா என்பதே தமிழ் வழக்கிலிருந்து பிறக்கும் வினா. அதற்கு அங்கு இடமில்லை.

'இங்கே பிடிக்கிறது', 'இந்தப் பக்கம் இழுக்கிறது' எனச் சுட்டுச்சொல்லால் நோயாளி பேசுகிறார். கை மார்பிலோ இடுப்பிலோ இருக்கிறது. ஒளிப்படக் கருவி முகத்தை மட்டும் காட்டுகிறது. சுட்டின் பொருள் திரைக்கு வெளியே நின்றுவிடுகிறது. 'கால்' என்பது தொடையிலிருந்து பாதம் வரையும், 'கை' என்பது தோளிலிருந்து விரல் வரையும் குறிக்கும் ஆதலால் பெயர்ச்சொல்லும் இக்குறையை நிரப்புவதில்லை.

'மயக்கம்' என்னும் சொல்லைக் கருதுக. தலை சுற்றுவதும், கண் இருண்டு வருவதும், நினைவிழந்து விழுவதும் இச்சொல்லால் வழங்கப்படுகின்றன. நேரில் காணும் மருத்துவர், 'கீழே விழுந்தீர்களா? சுற்றுவது போலிருந்ததா?' என்று கேட்டுத் தெளிவார். அறிகுறிப் பட்டியலில் 'மயக்கம்' என ஒரே கட்டம் இருப்பின் மூவரும் அதனையே தொடுவர். 'மூச்சு வாங்குகிறது', 'மூச்சு முட்டுகிறது', 'நெஞ்சை அடைக்கிறது' என நோயாளிகள் நுணுக்கமாக வேறுபடுத்துபவை, 'மூச்சுத்திணறல்' என்னும் ஒரே கட்டத்தில் அடக்கப்படுகின்றன. ஒருபுறம் பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமையும், மறுபுறம் பிரிந்திருப்பதை ஒன்றாக்கலும் நிகழ்கின்றன.

தெரிந்த சொல் தெரியாத சொல்லினும் தீங்கு பயக்கும் என்பதற்கு ஃபுளோரிடாவில் 1980இல் நேர்ந்த நிகழ்ச்சி சான்றாகும். நினைவிழந்த பதினெட்டு வயது இளைஞரின் குடும்பத்தார் ஸ்பானிய மொழியில் 'இன்டாக்சிகாடோ' என்றனர். உண்டதனாலோ குடித்ததனாலோ உடல்நலம் கெட்டது என்பது அவர்தம் வழக்கில் அதன் பொருள். மருத்துவரோ ஆங்கில ஒலியொப்புமையால் போதைப்பொருள் மிகுதி எனக் கொண்டனர். மூளையில் ஏற்பட்டிருந்த குருதிக்கசிவு காலந்தாழ்ந்தே அறியப்பட்டது. இளைஞரின் கைகால்கள் செயலிழந்தன. புரிந்துவிட்டது என்று இருதரப்பினரும் எண்ணியமையால் மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படவில்லை.

8. மீள்மொழிபெயர்ப்பின் எல்லை

இக்குறைகளைத் தடுக்க ஆய்வாளர் நம்பியிருப்பது மீள்மொழிபெயர்ப்பு முறை. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் இதனை முறைப்படுத்தினார். தமிழாக்கத்தை மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டு ஆங்கிலப் பனுவல்களும் ஒத்திருப்பின் தமிழாக்கம் ஏற்கப்படுகிறது.

இம்முறை கண்டுபிடிக்கும் பிழைகளும் உண்டு. எதிர்மறை விடுபடுதல், எண் மாறுதல் ஆகியன இதில் சிக்கும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருந்தகங்களில் கணினி உருவாக்கிய ஸ்பானியச் சீட்டுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழப் பாதியளவில் குறைகளைக் கண்டது. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' எனப் பொருள்படும் 'ஒன்ஸ்' என்பதன் எழுத்துக்கோவை ஸ்பானியத்தில் பதினொன்றைக் குறிக்கும் என்னும் இடர் அங்குச் சுட்டப்பட்டது. இத்தகையவற்றை மீள்மொழிபெயர்ப்பு தடுக்கும்.

ஆனால் மேலே காட்டிய எடுத்துக்காட்டுகள் அனைத்தும் இச்சோதனையில் தேறிவிடும். 'அடிக்கடி பயன்படுத்த விரும்புகிறேன்' என்பது பிழையின்றி ஆங்கிலமாகும். 'நம்பிக்கை' மீண்டும் 'கான்ஃபிடன்ஸ்' ஆகும். 'நான்' மாற்றமின்றித் திரும்பும். 'அனுப்பு', 'அனுப்பவும்' என்னும் இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லாகும். மேலும், நல்ல தமிழைவிட ஆங்கில நிழல் படிந்த தமிழே இச்சோதனையில் எளிதில் தேறும். 'யாரையும் கேட்காமல், பயமில்லாமல் செய்ய முடிந்ததா?' என்னும் தொடர் நோயாளிக்கு விளங்கும். மீள்மொழிபெயர்ப்பில் மூலத்தோடு ஒவ்வாமையால் தள்ளப்படும். நோயாளிக்கு விளங்காததைக் காத்து, விளங்குவதை நீக்கும் சல்லடையாக இம்முறை மாறிவிடுகிறது.

உலகெங்கும் ஒரே வினாநிரலைக் கையாண்டால்தான் நாடுகளிடையே ஒப்பிட இயலும் என்னும் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. பாரசீகம், போர்ச்சுகீசியம், ஸ்லோவேனியம், போலிஷ் முதலிய மொழிகளில் புரூக்கின் அளவுகோல் முறையாகச் சோதிக்கப்பட்டுள்ளது. எனினும் ஒப்பிடத்தக்கவை ஒரே சொற்களால் கேட்கப்பட்ட வினாக்களா, ஒரே பொருளில் கேட்கப்பட்ட வினாக்களா என்பதே முதலில் தீர்க்கப்படவேண்டியது.

9. செய்யத்தக்கன

முதலாவதாக, திரைத்தொடர்ப் பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் பேசுநர் யார், கேட்பவர் யார், அதனைத் தொட்டால் நிகழ்வது யாது என்னும் மூன்று குறிப்புகள் மொழிபெயர்ப்பாளர்க்குத் தரப்படவேண்டும். இரண்டாவதாக, வினாநிரலின் தொடக்கத்தில் யார் இயக்கினார், யார் பேசினார், யார் நோயுற்றவர் என்பன தனித்தனியே பதியப்படவேண்டும். துணைபெற்ற பயன்பாட்டைக் குறையாகக் கணக்கிடும் கூற்றுகள் மாற்றப்படவேண்டும். மூன்றாவதாக, தமிழ் இரட்டை வழக்குடைய மொழி ஆதலால், வாய்மொழியாகக் கேட்கப்படும் வினாக்களின் பேச்சு வடிவமும் முன்கூட்டியே வகுக்கப்படவேண்டும். இல்லையேல் ஒவ்வோர் ஆய்வாளரும் ஒவ்வொரு வினாநிரலைக் கையாள்வர். நான்காவதாக, நிறைவை மட்டும் வினவாது விளைவையும் காணவேண்டும். மருத்துவர் சொன்னதை நோயாளி தம் சொற்களில் திரும்பக் கூறுமாறு கேட்டு, 'காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு' என அவர் சரியாகச் சொல்வாராயின், அச்சான்று ஐந்து படிகளினும் வலியது.

ஐந்தாவது, ஆய்விதழ்களைச் சார்ந்தது. 'வினாநிரல் வட்டார மொழியில் மொழிபெயர்க்கப்பட்டது' என்னும் ஒரு வரியுடன் ஆய்வுரைகள் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன. கேட்கப்பட்ட தமிழ் வாசகம் அச்சேறுவதில்லை. மருந்தின் அளவைக் கூறாமல் மருந்தாய்வு வெளியிடப்படுவதில்லை. வினாவின் வாசகத்தைக் கூறாமல் விடையின் எண்ணை வெளியிடுதலும் அங்ஙனமே ஒவ்வாதது.

10. முடிவுரை

பொறிவழி மொழிபெயர்ப்பு விரைந்து வளர்ந்துவரும் இக்காலத்தில், 2022இல் தொடங்கப்பட்ட பாஷினி போன்ற திட்டங்களால் எந்தத் திரையையும் நொடியில் தமிழாக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டாகியுள்ளது. தமிழாக்கம் எளிதாகுந்தோறும், அது பயன்படுகிறதா என அளக்கும் கருவியின் பொறுப்பு மிகுகிறது. அக்கருவியே ஆங்கில இலக்கணத்தின் 'நான்' என்னும் தனியொருவரை நோக்கி அமைந்திருக்குமாயின், மகனின் கைப்பேசிமுன் அமர்ந்து, மருமகள் எண்ணைப் பதிய, நெஞ்சில் கைவைத்து 'இங்கே' என்று சொல்லும் நோயாளி அதில் அகப்படமாட்டார். அவர் விளங்காமல் எழுந்து சென்றாலும் அட்டவணையில் 68க்கு மேற்பட்ட ஓர் எண் நிற்கக்கூடும். அவ்வெண்ணைச் சான்றாகக் கொண்டு அதே திரை அடுத்த மாவட்டத்திற்கும் செல்லக்கூடும். விமானியின் பிழை என்று கூறப்பட்டதைப் பிடியின் வடிவத்தில் தேடிக் கண்டது மனிதக் காரணியியலின் பெருமை. நோயாளியின் விடை என்று கூறப்படுவதை வினாவின் இலக்கணத்தில் தேடுதல் அத்துறைக்கும் மொழியியலுக்கும் பொதுவான கடமையாகும்.